சிகரெட்டை நிறுத்த: மனக்காட்சியா, நிகோடின் கம்மா, ஹிப்னாடிசமா?

சாப்பிட்டு முடித்ததும் எட்டிப் பார்க்கும் அந்த ஆசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விரலிடுக்கில் சிகரெட், தீக்குச்சி உரசும் சத்தம், முதல் இழுப்பில் தொண்டைக்குள் இறங்கும் சூடு என்று ஒரு குறும்படமே ஓடும். மனக்காட்சிப் பயிற்சி, அதாவது மனத்துக்குள் வேறொரு காட்சியை வரைந்து பார்ப்பது, கைவைப்பது இந்தப் படத்தில்தான்.

நிகோடின் கம்மும், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சும் பார்த்துக்கொள்வது உடம்பின் கணக்கை. புகையோடு போகும் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடும். அதை நிறுத்தியதும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் சில நாட்களில் பாடாய்ப் படுத்தும். கம்மும் பேட்ச்சும் அதைத் தணிக்கின்றன. நிறுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆதாரம் என்று வந்தால் மனக்காட்சியும் ஹிப்னாடிசமும் கிட்டவே வர முடியாது. ஆனால் பலர் கம்மைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்று தள்ளிவிட்டு, விக்கல் வந்ததும் தூக்கி எறிகிறார்கள். சில தடவை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்க வேண்டும்.

சரி, ஒழுங்காக மென்றாலும் அந்த நிகோடின் வாயின் உட்தோல் வழியாக மெல்லத்தான் ஏறும். ஆசையோ சில நிமிடங்களுக்குள் பொங்கி அடங்கிவிடும். அந்தச் சில நிமிடம்தான் மனக்காட்சியின் இடம். கண்ணை மூடி, மழை விட்ட ஒரு பாதையை வரையுங்கள். முதலில் நிறம்: நனைந்த மண்ணின் கருஞ்சிவப்பு. அப்புறம் வாசனை. பிறகு வெறுங்காலில் ஒட்டும் குளிர்ச்சி. 'அமைதியாக இருக்கிறேன்' என்று வெறும் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. மனத்தின் திரை சின்னது, இரண்டு படம் ஒரே நேரத்தில் தெளிவாக ஓடாது. ஏக்கம் என்பதே மனப்படங்களால் ஊதிப் பெருப்பது என்று டேவிட் கவானா, ஜாக்கி ஆண்ட்ரேட், ஜான் மே ஆகிய உளவியலாளர்கள் 2005இல் எழுதியதும் இதை ஒட்டித்தான். அதே ஆண்டு வந்த வேறொரு ஆய்வில், மனக்காட்சிப் பயிற்சி பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். பெறாதவர்களில் 12 சதவீதம். கலந்துகொண்டவர்கள் மொத்தமே 71 பேர் என்பதால் இதை வைத்துப் பெரிதாகச் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஹிப்னாடிசம் பார்வைக்கு இதன் அண்ணன் மாதிரி: மூடிய கண், மெல்லிய குரல். ஆனால் அங்கே பெரும்பாலும் ஒருவர் முன்னால் போய் உட்கார வேண்டும். நள்ளிரவில் ஆசை வந்தால் அவரைத் தேட முடியாது. மற்ற முறைகளைவிட அது மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பும் முடித்தது.

என்னைக் கேட்டால், எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் மனக்காட்சியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அவருக்கு 4 மில்லிகிராம் கம் தேவைப்படும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். அதை மெல்லும் நேரத்தில் மழைப் பாதையில் நடக்கட்டும்.

சிலருக்கு மனத்தில் படமே வராது. இப்போதே சோதித்துப் பாருங்கள்: உங்கள் வாசல் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் தெரிகிறது? ஒன்றுமே தெரியவில்லை என்றால் மழைப் பாதையை விட்டுவிடுங்கள், கம்மை வாங்குங்கள்.