நோட்டர் டேமின் ஏ.சி.சி. ஒப்பந்தம்: கொடுக்கிற விலைக்குத் தகுமா?

இந்தியானாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 2013 முதல் பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் முழு உறுப்பினர். ஃபுட்பாலில் (அமெரிக்கன் ஃபுட்பால்) மட்டும் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத தனிக்கட்டை. இந்தச் சலுகைக்கு விலை: சீசனுக்குச் சராசரியாக 5 ஆட்டங்களை ஏ.சி.சி. அணிகளோடு ஆட வேண்டும். 2036 வரை ஃபுட்பாலை எந்தக் கான்ஃபரன்ஸில் சேர்ப்பதானாலும் அது ஏ.சி.சி.யாகவே இருக்க வேண்டும்.

இதில் கிடைக்கிற பெரிய லாபம் நவம்பர் மாதம்தான். செப்டம்பரில் எதிரணி பிடிப்பது சுலபம். அக்டோபர் தாண்டினால் எல்லாரும் அவரவர் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் மாட்டிக்கொள்வார்கள். 2011 முதல் 2022 வரை தனித்து ஆடிய பி.ஒய்.யூ. (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்), கீழ்ப்பிரிவு அணிகளைக் கூப்பிட்டு நவம்பரை ஒப்பேற்றியது. 2023இல் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிட்டது. நோட்டர் டேமுக்கு அந்த அலைச்சல் இல்லை. சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஏ.சி.சி.க்கு ஒதுக்கப்படுபவற்றிலும் இடம் உண்டு.

பணமும் குறைவில்லை. சொந்த மைதான ஆட்டங்கள் 1991 முதல் என்.பி.சி. டிவியில், நடப்பு ஒப்பந்தம் 2029 வரை. 2024 சீசனில் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் இறுதி ஆட்டம் வரை போனதற்குக் கிடைத்த சுமார் 2 கோடி டாலரை யாரோடும் பங்கு போடவில்லை.

கோளாறு பிளேஆஃபுக்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக்குழு அறையில். 2025இல் ஏ.சி.சி. அணியான மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 எனத் தோல்வி. இரண்டும் சேர்த்தே வித்தியாசம் 4 புள்ளிதான். அதன்பின் வரிசையாக 10 வெற்றி. டிசம்பர் 7இல் வந்த பிளேஆஃப் பட்டியலில் பெயர் இல்லை. அதே 10 வெற்றி, 2 தோல்விக் கணக்கோடு மயாமி உள்ளே போனது. பட்டியலுக்கு முந்தைய கடைசி வார இறுதியில் இரண்டு அணியும் ஆடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அந்த இழுபறியில் ஏ.சி.சி. வெளிப்படையாக மயாமி பக்கம் நின்றது. மெஸ்ஸில் முழு மாதச் சந்தா கட்டியவருக்குத்தானே முதல் பந்தி?

அதற்காக முழு உறுப்பினராகிவிடலாமா? கொரோனா காலத்தில், 2020இல், ஒரே சீசன் அப்படி ஆடிப் பார்த்தார்கள். என்.பி.சி. பணம் பொதுப் பானைக்குப் போனது. நவம்பரில் இரண்டு ஓவர்டைமில் 47-40 என வென்ற ஏ.சி.சி. அணி கிளெம்சனையே கான்ஃபரன்ஸ் இறுதியில் மறுபடி சந்தித்து 34-10 என உதை வாங்கினார்கள். சாம்பியன் பட்டம் வாங்கினாலும் நிச்சயமில்லை: 2025 ஏ.சி.சி. சாம்பியன் டியூக்குக்கே பிளேஆஃபில் இடமில்லை.

ஆகவே நோட்டர் டேம் இப்படியே இருக்கலாம். மற்றவர்கள் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். ராணுவ அகாடமி அணியான ஆர்மி 2024இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் போய் முதல் வருடமே பட்டம் வென்றது; யூமாஸ் (மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம்) 2025இல் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் போனது. நோட்டர் டேமைத் தவிர, தனியாக மிஞ்சியது யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) மட்டும்.

ஆட்ட அட்டவணையை மட்டும் மாற்ற வேண்டும். மயாமி, ஏ அண்ட் எம் இரண்டையும் முதல் இரண்டு ஆட்டங்களில் வைத்தால், தோற்றதை ஈடுகட்டப் பிறகு வலுவான எதிரணி கிடைக்காது. ஒன்றையாவது நவம்பருக்குத் தள்ளுங்கள், ஏ.சி.சி. அணி என்றால் தேதி கிடைக்கும்.