ஏழு வருடமாகக் குத்துகிற ப்ரூச்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். என்னிடம் இருப்பது போலவே ஒரு விக்டோரியா ராணி காலத்து ப்ரூச், அதாவது கார்னெட் என்கிற சிவப்புக் கல் பதித்து உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை, 140 பவுண்டுக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டாள். நான் 2018இல் லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சனிக்கிழமைச் சந்தையில் 180 கொடுத்து வாங்கியவள். வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைக் குறை சொல்ல மாட்டேன். புளியங்கொட்டை அளவு, பட்டை தீட்டாமல் வழவழவென்று குவிந்திருக்கும். சும்மா பார்த்தால் நாவற்பழக் கறுப்பு. நிறம் அவ்வளவு அடர்த்தி என்பதால் அடிப்பக்கத்தைக் குடைந்து மெலிதாக்கி, கீழே பளபளக்கும் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். மேசை விளக்குப் பக்கம் திரும்பினால் போதும், அடுப்புக் கங்கை யாரோ ஊதிவிட்ட மாதிரி உள்ளே சிவக்கும். இந்த மாதிரிக் கல்லுக்கு கார்பங்கிள் என்று பெயர். லத்தீனில் சின்னக் கரித்துண்டு என்று அர்த்தம். தண்ணீர் மட்டும் ஆகாது. உள்ளே இறங்கினால் தகடு கறுத்துவிடும். உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

வீடியோ காலில் ப்ரூச்சைப் பார்த்த அம்மா முதலில் கேட்டது, "எத்தனை காரட்?" ஒன்பது என்றேன். அதாவது நூறு பங்கில் 37.5 பங்குதான் தங்கம். "அப்போ கவரிங்னு சொல்லு" என்றார். இங்கிலாந்தில் 1854இலேயே 9 காரட்டுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். 22 காரட்டில் வளர்ந்தவரிடம் எடுபடுமா?

இனி ஊசி. பின்னால் இருப்பது வெறும் அரைவட்டக் கொக்கி. பூட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஊசியை அதற்குள் நுழைத்துவிட்டு ஆண்டவன் மேல் பாரத்தைப் போட வேண்டியதுதான். முனை வேறு ப்ரூச்சின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பளிச் சால்வைக்குச் சரி. ஒரு பொங்கல் விழாவுக்குப் பட்டுப்புடவை முந்தானையில் குத்திக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் கடுகு நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒருமுறை பஸ்ஸில் கழன்று விழுந்து, இருக்கைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் ஊசியின் கீல் ஆட ஆரம்பித்தது. பக்கத்துக் கடையில் கொடுத்தேன், ஈயத்தை வைத்துப் பற்றவைத்துத் தந்தார்கள். தங்கத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, பல்லி எச்சம் மாதிரி. இன்றைக்கும் இருக்கிறது. அப்புறம் லண்டனின் நகைக்கடைத் தெருவான ஹாட்டன் கார்டனில் ஒருவரிடம் காட்டினேன். பூட்டு வைத்த புதுக் கொக்கி போட்டுத் தருவதாகச் சொன்ன அவரே, பழம்பொருள் வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள், மதிப்பு இறங்கும் என்றும் சொன்னார். பேசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது தோட்டுப் பெட்டியில். காதணிக்குப் பின்னால் மாட்டும் சின்ன ரப்பர் திருகாணியை ஊசி முனையில் செருகிவிட்டால் கழலவே கழலாது. ஏழு வருடம் நான் திட்டிய அந்த நீட்டிய முனை இல்லையென்றால் திருகாணியைச் செருக இடமே இருந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ளவும் கோபமாகத்தான் வருகிறது.

இன்னொன்று. பின்பக்கம் நகக்கண் அளவு கண்ணாடிக்குள் யாருடைய முடியோ, செம்பட்டை நிறத்தில், மூன்று கால் பின்னலாகப் பின்னி வைத்திருக்கிறது. பெயர் இல்லை, தேதி இல்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நகைக்குள் முடி வைப்பது சாதாரண வழக்கம். முதலில் அருவருப்பாக இருந்தது. இப்போது துடைக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் துடைக்கிறேன்.

தோழியிடம் தெளிவாகச் சொன்னேன்: வாங்காதே, புடவை கிழியும், பஸ்ஸில் தொலையும், ரிப்பேருக்கு அலைவாய்.

"அப்படின்னா உன்னோடதை நூறுக்கு எனக்குக் கொடுத்துடு" என்றாள்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.