அணிகளைக் குழுவாக்க ஆர் மென்பொருள்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

ஆளுக்கு ஒன்றாக 40 கோவேரியன்ஸ் அணிகள் (மாறிகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண் சதுரங்கள், அதாவது மேட்ரிக்ஸ்) கையில் இருக்கின்றன. எவை எவற்றோடு சேரும் என்று பிரிக்க வேண்டும். இந்த வேலைக்குப் புள்ளியியல் மொழியான ஆர் (R) நல்ல தேர்வு. இலவசம். தொலைவு காணும் டிஸ்ட் (dist), அந்தத் தொலைவை வைத்துப் படிப்படியாகக் குழுவாக்கும் ஹெச்கிளஸ்ட் (hclust) இரண்டும் அதனுடனேயே வருகின்றன. குழுவாக்கும் வேறு முறைகள் கொண்ட கிளஸ்டர் தொகுப்பும் கூடவே நிறுவப்பட்டுவிடும். ஒரே குறை: தவறான உள்ளீட்டைக் கொடுத்தாலும் பல இடங்களில் முணுமுணுக்காமல் விடை தந்துவிடும்.

முதல் சிக்கல் டிஸ்ட்டிலேயே இருக்கிறது. அது ஓர் அணியின் நிரைகளுக்கு இடையேதான் தொலைவு காணும்; அணிகளின் பட்டியலை அதற்குத் தெரியாது. ஒவ்வோர் அணியையும் பிரித்து ஒற்றை நிரையாக நீட்டி, அவற்றை அடுக்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு எல்லோரும் எடுப்பது, பட்டியலின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே வேலையைச் செய்யும் எஸ்அப்ளை (sapply). அது ஒவ்வோர் அணியையும் நிரலாக வைக்கும். நிரை நிரல் மாற்று செய்ய மறந்தால், 10க்கு 10 அணிகளில் 40 ஆட்களுக்குப் பதில் 100 கட்டங்கள் குழுவாகும். குழுக்கள் இணைவதைக் காட்டும் மரப்படமும் அழகாகவே வரும்! டிஸ்ட் தரும் பொருளின் சைஸ் 40தானா என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். எல்லா அணிகளிலும் மாறிகள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.

நீட்டும் வேலை வேண்டாமென்றால் ப்ராக்ஸி தொகுப்பு இருக்கிறது. அதன் டிஸ்ட் பட்டியலையே ஏற்கும். தொலைவுச் சார்பை நாமே எழுதிக் கொடுக்கலாம். இங்கே இரண்டு அணிகளின் வித்தியாசத்தை ஒரே எண்ணாக்கும் நார்ம் (norm) சார்பைக் கவனியுங்கள். வகை சொல்லாமல் விட்டால் அது ஃப்ரோபீனியஸ் நார்ம் (எல்லா எண்களின் இருபடிகளையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) தராது. நிரல்களின் தனிமதிப்புக் கூட்டல்களில் பெரியதைத் தரும். எஃப் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால்தான் நீட்டிக் கணக்கிட்ட யூக்ளிடியன் தொலைவோடு விடை ஒத்துப்போகும்.

ஆனால் ஃப்ரோபீனியஸ் தொலைவே கோவேரியன்ஸ் அணிக்குப் பொருத்தமா? மூலைவிட்டத்தில் 1, 1 உள்ள 2க்கு 2 அணியையும் 2, 2 உள்ளதையும் எடுங்கள் (மற்றவை பூஜ்யம்). தொலைவு 1.41. 10, 10 உள்ளதற்கும் 11, 11 உள்ளதற்கும் அதே 1.41. முதலாவதில் மாறுபாடு இரட்டிப்பாகிறது. இரண்டாவதில் பத்து சதவீதம்தான் கூடுகிறது. இரண்டையும் ஒன்றாக மதிப்பது அநியாயம். அணியின் மடக்கையை எடுத்துப் பிறகு ஃப்ரோபீனியஸ் கண்டால், அதாவது லாக்-யூக்ளிடியன் தொலைவில், முதலாவது 0.98, இரண்டாவது 0.13. மடக்கைக்கு எக்ஸ்பிஎம் தொகுப்பின் லாக்எம் போதும். ஷேப்ஸ் தொகுப்பின் டிஸ்ட்கவ் இதையும் ரீமானியன் தொலைவையும் (இத்தகைய அணிகள் அமைந்த வளைந்த வெளியில் அளப்பது) சோடி சோடியாகத் தரும். ரீமானியனுக்கு ஒரு தனிச் சிறப்பு: ஒரு மாறியை எல்லா அணிகளிலும் கிலோவிலிருந்து கிராமுக்கு மாற்றினாலும் தொலைவு மாறாது.

இந்த இரண்டும் படுத்துவிடும் இடம் ஒன்று உண்டு. 20 மாறிகளுக்கு 15 பதிவுகள்தான் என்றால் அணியின் தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) 14ஐத் தாண்டாது. மீதி ஐகன் மதிப்புகள் (ஒவ்வொரு முக்கியத் திசையிலும் தரவு எவ்வளவு பரவுகிறது என்ற எண்கள்) பூஜ்யம், அவற்றின் மடக்கை மைனஸ் முடிவிலி. கணினியின் சுற்றுப்பிழையால் அது சரியான பூஜ்யமாக இல்லாமல் மிகச் சிறிய எண்ணாக வந்துவிட்டால் இன்னும் ஆபத்து: பிழைச் செய்தி வராது, அந்தப் பிழை மட்டுமே குழுக்களைத் தீர்மானிக்கும். மூலத் தரவு இருந்தால் கார்ப்கார் தொகுப்பில் ஐகன் மதிப்புகளைப் பூஜ்யத்திலிருந்து விலக்கும் கவ்.ஷ்ரிங்க் கொண்டு அணிகளை மறுபடி கணக்கிடுங்கள். இல்லையேல் மூலைவிட்டத்தில் சிறு எண்ணைக் கூட்டுங்கள். எதைச் செய்தாலும் எல்லா அணிகளுக்கும் ஒரே முறையில் செய்ய வேண்டும்.

ஹெச்கிளஸ்ட் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. வார்ட் முறை (குழுவுக்குள் சிதறல் குறைவாகக் கூடும்படி இணைப்பது) வேண்டுமானால் வார்ட்.டி2 எடுங்கள், 2014இல் 3.1.0 பதிப்பில் வந்தது. பழைய வார்ட்.டி, தொலைவை இருபடியாக்கிக் கொடுத்தால்தான் உண்மையான வார்ட். லாக்-யூக்ளிடியன் தொலைவுக்கு வார்ட் தாராளமாகப் பொருந்தும். ரீமானியனுக்குக் குழுக்களிடையே சராசரித் தொலைவைப் பார்க்கும் ஆவரேஜ் முறையோ அடுத்து வரும் பாம் (pam) முறையோதான் நியாயம்.

பாம் கிளஸ்டர் தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் நம் அணிகளில் ஒன்றையே நடுவாகக் காட்டுவதால் விளக்கிச் சொல்ல எளிது. ஆனால் தொலைவுகளை முழுச் சதுர அணியாகக் கொடுத்தால் அதை மூலத் தரவு என்றே எடுத்துக்கொள்ளும். முதலில் ஆஸ்.டிஸ்ட் வழியாக மாற்றிக் கொடுங்கள். குழுச் சராசரிகளை நடுவாக வைக்கும் கே-மீன்ஸுக்குத் தொலைவைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மறுக்காமல் அதன் நிரைகளைக் குழுவாக்கிவிடும். பைத்தான் மொழியின் சைபை (SciPy) தொகுப்பில் ஹெச்கிளஸ்ட் போன்ற லிங்கேஜுக்குச் சதுரத் தொலைவு அணியைக் கொடுத்தால் எச்சரிக்கையாவது வருகிறது. ஆரும் இதைச் செய்யலாம்.

நினைவகத்தைப் பொறுத்தவரை 1,000 அணிகள் வரை கவலையில்லை: 4,99,500 தொலைவுகள், சுமார் 4 எம்பி. 10,000 ஆனால் ஏறக்குறைய 5 கோடி தொலைவுகள், 400 எம்பி. டிஸ்ட் அதைத் தாங்கும். டிஸ்ட்கவ்வை அத்தனை முறை அழைப்பதுதான் நேரத்தை விழுங்கும். அந்த அளவில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஒரு முறை மடக்கை எடுத்து, நீட்டி, டிஸ்ட்டிடம் விடுங்கள்.