பிராண்ட் இல்லாத 7 பின் டிரெய்லர் சாக்கெட் செட்: சாக்கெட் சரி, வயர்தான் மோசம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் அல்லது மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கும் 12 வோல்ட் பிக்கப்புகளில் இந்த செட்டைத்தான் மாட்டுகிறார்கள். வண்டியிலிருந்து டிரெய்லர் லைட்டுகளுக்குக் கரண்ட் கொண்டுபோக ஒரு சாக்கெட், ஒரு பிளக், சுருள் கேபிள், அவ்வளவுதான்.

சாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. மூடி ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது, பின் பித்தளை. வம்பு கேபிளில். ஏழு வயரும் 0.75 ஸ்கொயர் எம்எம். ஒரு பக்க இண்டிகேட்டருக்கு அது போதும். ஆனால் இரண்டு பிரேக் பல்பு, இரண்டு டெயில் பல்பு, இரண்டு இண்டிகேட்டர் சேர்ந்தால் ஏறக்குறைய 8 ஆம்பியர். அத்தனையும் திரும்பி வருவது 3ஆம் பின்னின் ஒற்றை எர்த் வயரில். 4 மீட்டர் நீளத்துக்கு 0.8 வோல்ட் அங்கேயே போய்விடும். மழையில் பின் பச்சை பூத்தால் கேட்கவே வேண்டாம். எர்த்துக்கு மட்டும் தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்துவிடுங்கள். இழுவைக் கொக்கியே எர்த் கொடுத்துவிடும் என்று விடுவது தப்பு. அங்கே இருப்பது கிரீஸும் துருவும்.

எர்த் கெட்டதற்கு அடையாளம்: இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டும், பிரேக் மிதித்தால் டெயில் மங்கும். உடனே பல்பை மாற்ற ஓடாதீர்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள வயரை டிரெய்லர் லைட்டின் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். வெளிச்சம் சரியானால் கோளாறு எர்த்தில்தான்.

மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லாம்ப் பொய் சொல்லாது.

வயர் கலரை நம்பி இணைக்காதீர்கள், இந்த கேபிளில் கலர் வரிசை மாறியிருக்கிறது. பிளக்குக்குள் பொறித்த எண்ணைப் பாருங்கள்: 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில், 6 பிரேக், 7 இடது டெயில். 2 பின்பக்க ஃபாக் லைட்டுக்கு, பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

முன்பு லாரியோடு ஓடிய டிரெய்லர் என்றால் முதலில் பல்பைக் கழற்றி அடியில் போட்டிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 24 வோல்ட் பல்பு 12 வோல்ட்டில் மங்கலாகத்தான் எரியும். இதைப் பார்க்காவிட்டால் எர்த்தைத் தேடியே அரை நாள் போகும்.

செட்டோடு வரும் கிள்ளு கனெக்டரைக் குப்பையில் போடலாம். அது வயரின் தோலைக் கிழித்துத்தான் பிடிக்கும், அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கும். ஜூன் பிறந்தால் வாளையார் தாண்டி அடிக்கிற மழைக்கு அது தாங்காது. சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, பின்களில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சாக்கெட்டை மாட்டும்போது மூடியின் கீல் மேலே இருக்கட்டும்.