அலகு ஒடிந்த கிளுவையும் வட்டமடித்த மீனும்

மற்ற பறவைகளை ஏமாற்றி இழுக்க வேட்டைக்காரர் வைக்கும் பறவைக்குப் பழைய தமிழில் 'பார்வை' என்று பெயர். மரத்தில் அப்படி ஒன்றைச் செதுக்கிப் பார்க்கலாமே என்றுதான் இந்த மரச் செதுக்குத் தொகுப்பை வாங்கினேன். வேட்டைக்கு இல்லை, அலமாரியில் வைக்க. ஒன்றரை மாதமாக வார இறுதிகள் இதிலேயே போகின்றன.

பெட்டிக்குள் பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தில் பாதி வெட்டிய கிளுவை (சிறு வாத்து) உடல், அதற்குத் தனியாக ஒரு தலை, மீன் கட்டை, செதுக்குக் கத்தி, தீட்டத் தோல் பட்டை, கண்ணாடிக் கண்கள், துடுப்பு வெட்டத் தகரம், ஈயக் குண்டுகள், வண்ணம், ஒரு மாதிரித் தாள்.

கத்தியைப் பற்றி முதலில் திட்டத்தான் நினைத்தேன். எடுத்ததும் அது மரத்தைச் சீவவில்லை, பிய்த்தது. பட்டையில் பக்கத்துக்கு இருபது தடவை பின்பக்கமாக இழுத்த பிறகு அதே கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனது. ஒன்றரை அங்குல அலகு, உள்ளங்கை நிறையும் பிடி. அரை மணிக்கு ஒருமுறை தீட்டினால் போதும். கையுறை தராததுதான் எரிச்சல். இரண்டாம் நாளே இடது கட்டைவிரலில் வெட்டுப் பட்டு, கையுறையை வேறு கடையில் வாங்கினேன்.

பெரிய குறை தலையில்தான். அலகு நீளவாக்கில் இருக்க, மர ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, குறுக்கே இருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. அலகை மெலியவைத்துக்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒடிந்தது. பசை வைத்து ஒட்டினேன். மூக்குத் துளை போடும்போது மறுபடியும் அங்கேயே போனது. தலையைத் தனியாகச் செதுக்குவதற்கு முக்கியக் காரணமே, உடலின் ரேகை எப்படி இருந்தாலும் அலகின் வழியே ரேகை ஓடும்படி தலையை வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான். தனித் தலை கொடுத்துவிட்டு அதையே கோட்டைவிட்டிருக்கிறார்கள். மீந்த கட்டையில் வேறு தலை வெட்டினேன். அது நிற்கிறது.

மாதிரித் தாளும் சுமார்தான். நடுக்கோடு போடச் சொல்கிறது, சரி. சீவச் சீவ அது அழிந்துவிடும், அழிந்ததும் திரும்பப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. என் கிளுவைக்கு வலது கன்னம் பல்வலி வந்ததுபோல் வீங்கியிருக்கிறது. அதே தாள் இறகு இறகாக வரையச் சொல்லி உயிரை எடுக்கிறது. 1924-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் கிடைத்த பார்வை வாத்துகள் சுமார் 2000 ஆண்டு பழையவை. நாணலைக் கட்டிச் செய்த உருவங்கள்தான், ஆனால் பார்த்ததும் வாத்து என்று தெரியும். வடிவம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அந்த வண்ணம்! காய்ந்ததும் பளபளக்கிறது. தண்ணீரில் மிதக்கவிடும் பார்வைக்கு மங்கிய பூச்சுதான் வேண்டும், மினுங்கினால் பறவை விலகிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கவைத்தேன்.

மீன்தான் இந்தப் பெட்டியின் செல்வம். இதுவும் ஒரு பார்வைதான், மீனை இழுக்க. உறைந்த ஏரியில் துளை போட்டு, இருட்டான குடிலில் உட்கார்ந்து, தூண்டில்முள் இல்லாத மர மீனைக் கயிற்றில் ஆட்டி, அதைப் பார்க்க வரும் பெரிய மீனை ஈட்டியால் குத்துவார்கள். மிச்சிகன் மாநிலம் காடிலாக்கைச் சேர்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் இந்த மீன்களுக்குப் பேர்போனவர். மரம் மிதக்கும் என்பதால் வயிற்றைக் குடைந்து ஈயம் வைக்க வேண்டும். முதல் தடவை வாளியில் விட்டபோது என் மீன் தலைகீழாகத் தொங்கியது. குண்டுகளை எடுத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். இப்போது மட்டமாக நிற்கிறது. வால் பக்கம் சற்று வளைவாகச் செதுக்கி, தகரத் துடுப்புகளையும் அதற்கேற்ப மடக்கினேன். கயிற்றை மேலே சுண்டினால் அரைவட்டம் போட்டுத் திரும்புகிறது. ஒரு மணி நேரம் வாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கத்திக்காகவும் மீனுக்காகவும் வாங்கலாம். வந்ததும் முதல் வேலையாகத் தலையைக் கையில் எடுத்து ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் அதில் அலகைச் செதுக்காதீர்கள், கண் குழி தோண்டிப் பழக வைத்துக்கொள்ளுங்கள். என் ஒடிந்த தலையில் இதுவரை ஏழு கண் தோண்டிவிட்டேன்.