மூன்று வருட விடுமுறைக் கொப்பி: மணித்தியாலத்துக்கு எவ்வளவு?

கெட்டி மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, மூலையில் மஞ்சள் தடவிய பழைய கலியாணக் காட் உறைகள் மூன்று. பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைச் செலவை மூன்று வருடமாக இவற்றை வைத்துத்தான் சமாளித்து வருகிறேன். இடையில் போனில் ஒரு கணக்குச் செயலியும் போட்டுப் பார்த்தேன், இரண்டு மாதம்கூட ஓடவில்லை. ஆட்டோக்காரருக்குக் கொடுத்த 400 ரூபாவை வீட்டுக்கு வந்து போனைத் திறந்து பதிய வேண்டுமென்றால், அதற்குள் சின்னவன் போனைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். கொப்பி என்றால் அவனுக்கு ஆசை இல்லை.

கணக்கு வைக்கிற யோசனை என்னுடையதில்லை. கனடாவில் இருக்கிற மச்சாள் ஒருநாள் கதைக்கும்போது சொன்னா. அங்கே ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் செப்டெம்பரில்தான் திறப்பார்கள். கோடை முகாம், பிள்ளை பார்க்கும் இடம் என்று எதற்குக் காசு கட்டினாலும் பற்றுச்சீட்டை எடுத்து வைப்பாவாம். ஏழு வயதுக்குக் கீழான பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை, அதற்கு மேல் 16 வயது வரை 5,000 டொலர் வரை வருமானக் கணக்கில் கழிக்கலாம், அதையும் பெரும்பாலும் கணவன் மனைவியில் சம்பளம் குறைந்தவர்தான் கழிக்க வேண்டும் என்று விளக்கினா. எனக்குச் சிரிப்பு வந்தது. என் சம்பளம் வரிக்கே எட்டாது, கழிக்க என்ன இருக்கிறது? ஆனால் பற்றுச்சீட்டை எடுத்து வைக்கிற பழக்கம் மட்டும் பிடித்துக்கொண்டது.

என் நிலைமை இதுதான். நாங்கள் இருப்பது திருகோணமலையில். கணவர் கொழும்பில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரவு ரயிலில் வந்து போவார். எனக்கு 8.30இலிருந்து 4.15 வரை அலுவலகம். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று விடுமுறை. கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் இழுபட்டு, எந்த மாதம் எத்தனை நாள் என்று அறிவித்தல் வரும்வரை நிச்சயமாகத் தெரியாத நிலை இருந்தது. அதனால் மாதத்தைப் பார்த்துத் திட்டம் போடுவதை விட்டுவிட்டேன். வேலை நாள் எத்தனை விழுகிறது என்று மட்டும் எண்ணுகிறேன்.

முதல் வருடக் கணக்கை இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. முகாம் கட்டணம், ரியூசன் காசு என்று பெரிய தொகைகள் மட்டும் வடிவாக எழுதியிருக்கிறேன். மிச்சமெல்லாம் ‘வேறு’ என்ற தலைப்பின் கீழ். விடுமுறை முடிந்து கூட்டினால் ‘வேறு’தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆட்டோ, பிஸ்கற், ஐஸ்பழம், வண்ணக்கடதாசி, பசை, அறுந்த செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு. மின்கட்டணமும் அதற்குள்தான் ஒளிந்திருந்தது. பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில் நின்றால் ஃபேனும் ரீவியும் ஓய்வதில்லை. ஆகஸ்டில் சூடான கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் ஃபேனை நிறுத்தச் சொல்லவும் மனம் வராது. 90 அலகைத் தாண்டினால் அலகுக் காசோடு நிலையான கட்டணமும் ஏறும். இப்போது விடுமுறை தொடங்குகிற அன்று மீற்றரைப் பார்த்து எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது வருடம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு விடுமுறை முகாம், ஐந்து நாள், காலை 9இலிருந்து மாலை 4 வரை என்றார்கள். பிள்ளைக்கு 8,000 ரூபா. இரண்டு பேருக்கும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். முதல் நாளே 12.20க்கு அலுவலகத்துக்குப் போன்: “அம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்க, நாங்கள் பன்னிரண்டரைக்கு முடிக்கிறோம்.” நான்கு மணி என்றீர்களே என்று கேட்டேன். பிள்ளைகள் குறைவாம், பின்னேர நிகழ்ச்சி இல்லையாம். காசில் குறைப்பும் இல்லை. போதாததற்கு ரீசேட் கட்டாயம், ஒன்று 1,500.

அன்றிரவு கோபத்தோடுதான் அந்தப் பக்கத்தை எழுதினேன். கட்டணம் 16,000, ரீசேட் 3,000, ஐந்து நாள் மத்தியான ஆட்டோ 2,000, இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொடுத்ததும் கடையில் வாங்கியதுமாக 2,500. மொத்தம் 23,500. கிடைத்தது பதினேழரை மணித்தியாலம். பிரித்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1,343 ரூபா. என் சம்பளத்தை மணித்தியாலத்துக்குப் பிரித்துப் பக்கத்தில் எழுதினேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த வாரம் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பார்த்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா. மூன்று நாள் கழித்துக் காசு கொண்டுபோனபோது, “காசு என்னத்துக்குத் தங்கச்சி, நாலு பேருக்குச் சமைக்கிறது ஆறு பேருக்குக் காணாதா?” என்று கையைத் தட்டிவிட்டா. ஒருநாள் இரண்டுநாள் என்றால் சரி, வருடம் முழுக்க அப்படி விட முடியாது. பிறகு அவவின் மூத்த மகளின் கொப்பி, சப்பாத்துச் செலவு என்று சொல்லித்தான் ஏற்கவைத்தேன். அரிசி, தேங்காய் என்று நான் கொண்டுபோய்க் கொடுப்பதையும் சேர்த்தால் இரண்டு பிள்ளைக்கும் நாளுக்கு 1,800 ரூபா ஆகிறது. காலை 8இலிருந்து 4.30 வரை எட்டரை மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 212 ரூபா.

இதில் எங்களைப் போல் கலந்து வாழ்கிற ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. முஸ்லிம் பள்ளிக்கூடங்களின் விடுமுறை நோன்பை ஒட்டி வருவதால், எங்கள் பிள்ளைகள் வீட்டில் நிற்கிற எல்லா நாளும் ராத்தாவின் பிள்ளைகளும் வீட்டில் நிற்பதில்லை. இரண்டு விடுமுறையும் ஒன்றாக விழுகிற வாரம்தான் வீடு சந்தை. அந்த நாட்களுக்கு நான் லீவை ஒதுக்கிவிடுவேன். வருடத்துக்கு அமைய லீவு (சின்னச் சின்னத் தேவைக்கு எடுப்பது) 21, ஓய்வு லீவு 24 இருக்கிறதே என்று முதல் வருடம் கண்டபடி எடுத்தேன். காய்ச்சல், கோயில், கலியாணம் எல்லாம் போக, டிசம்பரில் கையில் ஒன்றும் இல்லை. இப்போது ஒவ்வொரு தவணைக்கும் நான்கு நாளைத் தொடாமல் வைக்கிறேன், அதற்கும் ஓர் உறை இருக்கிறது. உள்ளே காசு இல்லை, நாள் எழுதிய துண்டுகள் மட்டும்.

அப்படியென்றால் முகாமே வேண்டாமா என்று கேட்பீர்கள். இல்லை, இப்போதும் வருடத்தில் ஒன்றுக்கு அனுப்புகிறேன், வேறு இடத்துக்கு. மூத்தவள் நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை. போன வருட முகாம் நாடகத்தில் கிழவி வேஷம் போட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு மேடையில் நின்று சனத்தைச் சிரிக்கவைத்தாள். அதற்குக் கொடுத்த காசு எனக்கு வலிக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைப் ‘பிள்ளை பார்ப்பு’ உறையிலிருந்து எடுப்பதில்லை, ‘படிப்பு’ உறையிலிருந்துதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் முதல் இரண்டு வருடமும் என் தலைவலி. காசு கட்ட முதல் இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: கடைசி நாளும் எத்தனை மணிக்கு விடுவீர்கள்? பதிலைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறவர்களிடம் கட்டுவதில்லை.

ஏப்ரல், ஆகஸ்டில் பின்னேரங்களுக்குச் செலவே இல்லை. கடல் அமைதியாக இருக்கும், டச்பே கரையில் இறக்கிவிட்டால் இருட்டும் வரை போதும். கோட்டைக்குள்ளே மான் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயில்வரை நடக்கலாம், ஒரு சனிக்கிழமை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வரலாம். டிசம்பர்தான் எதிரி. மழை, கொந்தளிக்கிற கடல், ஈரச் சட்டை, ஆட்டோ இல்லாமல் ஓர் இடமும் போக முடியாது. என் கொப்பியில் எல்லா வருடமும் டிசம்பர்ப் பக்கம்தான் கனம். ஒருமுறை கொப்பியும் பையோடு நனைந்து மை கரைந்து, அந்த விடுமுறையின் பாதிக் கணக்கு போயேவிட்டது. அதன்பிறகு போல்பொயின்ற் பேனாதான், பொலித்தீன் உறையும் போட்டாயிற்று.

டிசம்பருக்காகவே அலுவலகத்தில் ஒரு சீட்டில் சேர்ந்தேன். 12 பேர், மாதம் 5,000. குலுக்கலில் எனக்கு மார்ச் மாதம் விழுந்தது. நவம்பர் விழுந்த அண்ணனிடம் மாற்றிக்கேட்டேன், அவருக்கும் மகளின் சாமத்தியச் சடங்குக்குக் காசு அவசரமாகத் தேவைப்பட்டது, உடனே சரி என்றார். நவம்பரில் மொத்தமாக 60,000 கையில் வந்தால், பாதியை உறைக்குள் வைத்துவிட்டு மிச்சத்தில் அடுத்த வருடப் புத்தகப்பை, சப்பாத்து வாங்கலாம். சீட்டில் ஆபத்து இல்லாமல் இல்லை, தெரிந்த முகங்கள் என்பதால்தான் துணிந்தேன்.

இந்த வருடம் டிசம்பரில் வேலை நாள் 14 வரும் என்று எண்ணி வைத்திருக்கிறேன். ராத்தா எட்டு நாள் பார்ப்பா, என் லீவு நான்கு. மிச்ச இரண்டு நாளுக்கு அவரைக் கொழும்பிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். “ரயில் டிக்கெற் காசை எந்த உறையில் எடுப்பாய்?” என்று கேட்கிறார்.