ஐநாவே ஆள்வதா, ஓரமாக நிற்பதா?

போர் முடிந்த நாட்டைத் தூக்கி நிறுத்த ஐநாவே நேரடியாக ஆள வேண்டும் என்பது பாளையங்கோட்டையில் நான் டீ குடிக்கும் கடை அண்ணாச்சியின் கட்சி. உள்ளூர்க்காரரிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்றால் போதும் என்பது அங்கே பேப்பர் படிக்க வரும் வாத்தியாரின் கட்சி. இரண்டுமே நடந்து பார்த்த வழிகள்தான்.

1999 அக்டோபரில், இந்தோனேசியாவின் பிடியிலிருந்து விடுபட்ட கிழக்குத் திமோரின் சட்டம், நிர்வாகம், நீதி மூன்றையும் ஐநா பாதுகாப்பு சபை ஐநா நிர்வாகத்திடமே கொடுத்தது. அந்த நிர்வாகத்தின் தலைவர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ கிட்டத்தட்ட ராஜா. 2002 மே 20இல் சுதந்திரம். வேகம் சரி, ஆனால் எங்களைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள் என்று திமோர்த் தலைவர்களே முறைத்துக்கொண்டார்கள், 2006இல் ராணுவத்துக்குள் பிளவு வந்து மறுபடி வெளிநாட்டுப் படை இறங்க வேண்டியதாயிற்று.

ஆப்கானிஸ்தானில் நேர் எதிர். தாலிபான் ஆட்சி விழுந்த பிறகு, 2002இல் ஐநா தூதர் லக்தர் பிராஹிமி ஐநா ஆட்களைக் குறைத்து ஆப்கானியரை முன்னே நிறுத்தினார். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. சிக்கல் வேலையைப் பங்கு போட்டதில்: ராணுவம் அமெரிக்காவுக்கு, போலீஸ் ஜெர்மனிக்கு, நீதித்துறை இத்தாலிக்கு, போதைப்பொருள் ஒழிப்பு பிரிட்டனுக்கு, ஆயுதக் களைவு ஜப்பானுக்கு. போலீஸ் பிடித்தவனை விசாரிக்கக் கோர்ட் தயாராக இல்லையென்றால் யாருடைய சட்டையைப் பிடிப்பது? சர்வதேசப் படையும் 2003 கடைசி வரை காபூலோடு நின்றுவிட்டது.

என் ஓட்டு திமோர் வழிக்குத்தான், பொறுப்பு ஒரே கையில் இருந்ததால். இந்தோனேசியா விட்டுக்கொடுத்த பிறகு பெரிய நாடுகளுக்குள் இழுபறியும் இல்லை. அதற்காக, பத்து லட்சம் பேர்கூட இல்லாத இடத்தில் செய்ததை இரண்டு கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஆப்கானிஸ்தானில் செய்ய எந்த நாடும் அத்தனை ஆளையும் பணத்தையும் தந்திருக்காது.